கனம் உன் பக்கம்

மூன்றாவது தட்டுச் சோற்றை வழித்துத் தின்ற பிறகும் வழிவிட்டானுக்குப் பசி அடங்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சட்டியையே பார்த்தான்.

"இன்னும் வைக்கவா தம்பி?"

"இருக்கா மதினி?"

"ஒனக்கு இல்லாமயா."

அடிச்சோற்றைச் சுரண்டி வைத்தேன். அதையும் தின்றான். கையைக் கழுவிவிட்டு வந்து இரண்டு தோள்பட்டையையும் மாறி மாறி அமுக்கிக்கொண்டான். வேலை நின்று ஆறு நாள். ஆறு நாளும் மழை. படுத்ததையும் எழுந்ததையும் தவிர அவன் ஒரு துரும்பைக் கூட நகர்த்தவில்லை.

"எங்கிட்டு வலிக்குது?"

"எங்கிட்டுன்னு சொல்ல? கல்லு தூக்குனா இடுப்பு வலிக்கும். மூட்டை தூக்குனா பெடரி வலிக்கும். இது எல்லா எடத்துலயும் வலிக்குது. பல்லு கூட வலிக்குது மதினி."

எதிர்ப் படுக்கையில் இருந்து என் வீட்டுக்காரர் கூரிச்சாமி சிரித்தார். அவருக்குச் சிரிப்பும் தவணை முறையில்தான் வரும். கொஞ்சம் சிரிப்பார், கொஞ்சம் மூச்சு வாங்குவார்.

"சும்மா கெடந்தா... அப்பிடித்தாண்டா. நம்ம ஒடம்புக்கு... ஓய்வு ஆகாது."

"ஆமாண்ணே. சோம்பேறியா இருக்கவும் பழக்கம் வேணும் போல."

அவன் எழுந்து நின்றபோது இடுப்பில் கிடந்த அரைஞாண் கயிறு தொடை வரைக்கும் நழுவியது. வேட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். போன வாரம்தான் அதை இறுக்கி முடிச்சுப் போட்டான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, மழையில் நனைந்து கயிறு தொய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு ஒரு பழைய டவுன் பஸ். ஏலத்தில் எடுத்து, சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆறு பேர் படுக்கப் பலகை அடித்திருந்தோம். டிரைவர் இருந்த இடத்தில் அடுப்பு. கூரை மேல் நாலு சோலார் தகடு. கடைசி நீள சீட்டு இருந்த இடத்தில் பேட்டரி. வழிவிட்டான் படுக்கும் பலகைக்கு மேலே 'பெண்கள்' என்று எழுதியிருந்தது அப்படியே இருந்தது. "கண்டக்டர் வந்தா எந்திரிச்சிருவேன்" என்று புதுசாக யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பான்.

முதுகுளத்தூருக்குத் தெற்கே கருவேலங்காட்டை அழித்து ஒரு கம்பெனி ஆயிரத்துச் சொச்சம் ஏக்கரில் சோலார் தகடு பதித்திருந்தது. அந்தத் தகடுகளைக் கழுவித் துடைப்பது எங்கள் பிழைப்பு. தூசி, காக்கா எச்சம், கருவேலம் பூ. விடியக்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறும் முன்னால் நாற்பது வரிசை முடிக்க வேண்டும். பஸ் வேலிக்கு வெளியே நிற்கும். வேலிக்கு உள்ளே இருந்து ஒரு வயர் கூட வெளியே வரக் கூடாது. பட்டணத்துக்கே கரண்டு கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நாங்கள் ஒரு பல்புக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

பேட்டரியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மிக்சி பகல் பதினொன்றுக்கு மேல் இரண்டு மணிக்குள்தான். போன் எல்லாம் உச்சிவெயிலில்தான் சார்ஜ் போடலாம். பொழுது சாய்ந்தால் ஒரே ஒரு விளக்கு. எவன் ஃபேனைப் போட்டுவிட்டுத் தூங்கினாலும் தண்ணி தெளித்து எழுப்புவேன். அதட்டுவதற்குக் காரணம் இருந்தது. ராத்திரிக்கு மூச்சு மிஷின் ஓட வேண்டும்.

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷம் கல் கிரஷரில் கிடந்தவர். நுரையீரலில் பாதி கல்லாகப் போய்விட்டது என்று டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டினார். பகலில் உட்கார்ந்து சமாளித்துக்கொள்வார். படுத்தால் மிஷின் வேண்டும். டிபன் கேரியர் உயரம்தான் இருக்கும். காற்றில் இருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்கு அனுப்பும். அது நின்றால் அரை மணி நேரத்தில் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும்.

வழிவிட்டானும் அவரும் கிரஷரில் பதினோரு வருஷம் ஜோடி. இரண்டு பேர் சேர்ந்து கல் தூக்குவதில் ஒரு முறை உண்டு. எந்தக் கல்லும் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. கல்லைப் பார்த்து நிறுத்துகிறவன், "கனம் உன் பக்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் ஜோடிக்காரன் காலை அகட்டி, மூச்சைப் பிடித்துத் தயாராகிவிடுவான். சொல்லாமல் தூக்கச் சொன்னால் இடுப்பு போய்விடும். சொல்லாதவனோடு பிறகு ஒருத்தனும் ஜோடி சேர மாட்டான். கனத்த பக்கம் தூக்கியவனுக்கு மத்தியானம் முதல் சோறு. அவ்வளவுதான் சட்டம். அதை நாங்கள் பஸ்ஸுக்கும் கொண்டுவந்திருந்தோம்.

அதனால்தான் நல்ல மெத்தை வழிவிட்டானுக்குப் போனது. தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு மேல் வரிசைக்கு ஏறுகிறவன் அவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு கடையில் பழைய பேட்டரி வாங்கினோம். அதோடு சேர்த்து நீல நிறத்தில் ஒரு மெத்தையும் கொடுத்தார்கள். மெத்தையில் இருந்து ஒரு வயர் பேட்டரிக்குப் போனது. "இந்த வயர மட்டும் கழட்டிராதீங்க, கேரண்டி போயிரும்" என்று மாட்டிவிட்ட ஆள் சொன்னான். கேரண்டி என்றால் எங்களுக்குச் சாமி வாக்கு மாதிரி. கழற்றவில்லை. இலவசமாக வந்தது, மெத்தென்று இருந்தது, வழிவிட்டான் பலகையில் விரித்துவிட்டேன்.

தீபாவளிக்கு மற்ற ஆட்கள் ஊருக்குப் போனார்கள். வழிவிட்டானுக்குப் போக வீடு இல்லை. எங்களோடு இருந்தான். மறுநாள் பிடித்தது மழை. கரிசல் மண் குழைந்து பஸ் சக்கரம் பாதி புதைந்தது. தரைப்பாலத்துக்கு மேல் ஆள் உயரம் தண்ணீர். தகடுகளை மழையே கழுவிவிட்டது, எங்களுக்கு வேலை இல்லை. சூரியனும் இல்லை.

காலையும் மாலையும் பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்ற எண்ணை நான் அடுப்புக்கரியால் பஸ் தகரத்தில் எழுதி வைப்பேன். முதல் இரண்டு நாளில் தொண்ணூறில் இருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்கியது. ஒரு ராத்திரிக்குப் பதிமூன்று குறையும். அப்படியென்றால் இன்னும் மூன்றே ராத்திரி. ஆனால் மூன்றாம் நாள் ராத்திரி மூன்றுதான் குறைந்தது. நாலாம் நாளும் மூன்று. பேட்டரிக்குத் திருநீறு பூசினேன்.

"நல்ல பொருளு. நம்மள ஏமாத்தல" என்று அவரிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஏழாம் நாள் மத்தியானம். வானம் தார் பூசிய மாதிரி இருந்தது. பேட்டரி மேல் ஒரு சின்னத் திரை உண்டு. கரண்டு வெளியே போனால் சிவப்பு அம்பு, உள்ளே வந்தால் பச்சை அம்பு. எண் இருபத்திரண்டா இருபத்தொன்றா என்று குனிந்து பார்த்தேன். பச்சை அம்பு ஆடிக்கொண்டிருந்தது.

வெயில் ஒரு பொட்டு இல்லை. எங்கிருந்து வருகிறது?

வழிவிட்டான் தூங்கிக்கொண்டிருந்தான். குளிர்காற்று அடிக்கிறது, நான் இரண்டு சேலையைப் போர்த்தியிருக்கிறேன், அவன் மேல் வேர்வை முத்து முத்தாக நின்றது. புரண்டு எழுந்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒன்றுக்குப் போக இறங்கினான். அம்பு அணைந்தது. திரும்பி வந்து படுத்தான். அம்பு எரிந்தது.

என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. மழைச் சத்தமே கேட்கவில்லை.

"தம்பி, எந்திரி. அடுப்புல டீ இருக்கு, போய்க் குடி."

அவன் முன்பக்கம் போனதும் நான் அந்த மெத்தையில் உட்கார்ந்து, சாய்ந்து, தலையை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தேன். மங்கலாக, மெலிசாக, ஆனால் பச்சையாக வந்தது.

நெருப்பில் உட்கார்ந்தவள் மாதிரித் துள்ளி இறங்கினேன்.

பஸ் கூரை ஏறினால்தான் போனுக்கு சிக்னல். ஏணியில் நின்று, சாக்கைப் போர்த்திக்கொண்டு, பேட்டரியில் ஒட்டியிருந்த நம்பருக்கு அடித்தேன். நஸ்ரின் என்று ஒரு பெண் எடுத்தாள். கடையில் புதிதாகச் சேர்ந்தவளாம். நான் சொன்னதைக் கேட்டாள்.

"அக்கா, நீலக் கலரு மெத்தையா? ஓரத்துல செம்புக் கம்பி வச்சுத் தச்சிருக்குமா?"

"ஆமா."

"அதுல யாரும் படுக்குறாங்களா?"

"படுக்கத்தானம்மா மெத்தை."

 பிறகு மெதுவாகக் கேட்டாள். "எத்தனை மணி நேரம்?"

"ராத்திரி பூரா. இப்ப வேலை இல்லையா, பகல்லயும்."

"அய்யோ அல்லா."

"என்னம்மா அது?"

"அது இளைக்கிற மெத்தைக்கா. பணக்காரங்க வீட்டுக்குப் பண்ணது. நடக்க வேணாம், ஓட வேணாம், ஒரு மணி நேரம் படுத்தாப் போதும். ஒடம்ப உள்ளுக்குள்ளயே ஓட வச்சுரும். தூக்கத்துல தெரியாது. கொழுப்பு எரியும். அந்தச் சூட்ட கரண்டா மாத்தி பேட்டரில போடும். இளைச்ச மாதிரியும் ஆச்சு, வீட்டுக்குக் கரண்டும் ஆச்சுன்னு விளம்பரம் பண்ணாங்க."

"ஒரு மணி நேரந்தானா?"

"அதுக்கு மேல போகாம தடுக்க ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உங்களுதுல இருக்கா?"

"வயரு மட்டுந்தான் இருக்கு."

"அந்தப் பெட்டி கெட்டுப் போயி ரெண்டு பேரு செத்துட்டாங்கக்கா. கம்பெனியே வித்தத எல்லாம் திரும்ப வாங்கி ஸ்கிராப்புல போட்டுச்சு. அத எவனோ எடுத்து பேட்டரியோட கட்டி வித்திருக்கான். சத்தியமா எனக்குத் தெரியாது."

"ரெண்டு மாசமா படுக்குறான். இப்பத்தானே ஆளு வத்துறான்?"

"பேட்டரி பாதிக்குக் கீழ எறங்குனாத்தான் அது இழுக்கும். வெயில் காலத்துல இழுத்திருக்காது."

ஏணிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "கொழுப்பே இல்லாதவன் படுத்தா?"

"சதைய எடுக்கும்."

"சதைதானே, தின்னா வந்துரும்."

"இதயமும் சதைதானேக்கா." அவளே மேலே சொன்னாள். "அது அரை யூனிட்டு குடுக்கணும்னா ஒடம்பு ரெண்டு யூனிட்டு எரியணும். ராத்திரி பூரா மூட்டை சுமந்த மாதிரி. ஒடனே வயரக் கழட்டுங்க. வெயில் வர்ற வரைக்கும் பேட்டரி எறங்கத்தான் செய்யும், எறங்கட்டும். உங்களுக்கு அவசரமா எதுவும் ஓடலையே?"

நான் போனை வைத்துவிட்டேன்.

கீழே இறங்கி வயரைப் பிடுங்கினேன். சாயங்காலம் எண் இருபது. பத்துக்கு வந்தால் பேட்டரி தானாக அணைந்துவிடும். பதிமூன்று குறைந்தால் விடியும் முன்னால் மிஷின் நின்றுவிடும். நாளை மறுநாள் எங்களைக் கூட்டிப்போகப் படகு வரலாம் என்று வேலிக்குள் இருந்த கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். வரும் என்று சொல்லவில்லை.

வழிவிட்டானிடம் மெத்தையில் மூட்டைப்பூச்சி என்று சொன்னேன். அவனை முன்பலகைக்கு அனுப்பிவிட்டு வயரை மாட்டி நானே படுத்தேன்.

கிணற்றுக்குள் விழுகிற மாதிரி ஒரு தூக்கம். விழித்தபோது வெளுத்துக்கொண்டு வந்தது. தாடை இறுகிப் போயிருந்தது. கால் என் காலாக இல்லை. பசி என்று சொல்லக் கூடாது, வயிற்றுக்குள் யாரோ கையை விட்டுத் துழாவுகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் மிஷின் சத்தம் இல்லை என்று உறைத்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். உதடு நாவல்பழம். வாய் திறந்து மூடுகிறது, காற்று போகவில்லை. வழிவிட்டான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான்.

"மதினி, பேட்டரி செத்துருச்சு போல. உங்களக் கூப்புட்டேன், எந்திரிக்கவே இல்ல."

என் உடம்பில் ஒன்றும் இல்லை. இருபது வருஷமாக மிச்சச் சோறு தின்ற உடம்பு. ஒரு ராத்திரிக்கு மூன்று எண் கூடத் தரவில்லை.

அன்று காலையில் சேற்றில் முழங்கால் புதைய வேலி கேட்டுக்கு நடந்தேன். உள்ளே ரோட்டோரம் பட்டப்பகலில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வரிசையாக, எண்ண முடியாத அளவுக்கு. வாட்ச்மேன் நல்ல மனுஷன்தான். நான் சொன்னதைக் கேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேலிக்கு வெளிய ஒரு வயரு போனா மதுரை ஆபீஸ்ல மணி அடிக்கும்மா. என் வேலை போயிரும். மூணு பொம்பளப் பிள்ளை."

"அந்தாளு செத்துருவாருங்க."

"மேல எழுதிப் போட்டுருக்கேன். பதில் வரட்டும்."

பதில் வரவில்லை. படகும் வரவில்லை. பகல் முழுக்க எல்லாவற்றையும் அணைத்துப் போட்டு, அவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். மழை வெளிச்சத்தில் தகடு பிச்சை போட்ட மாதிரி நாலு எண் ஏறியது. பதினாலு.

வழிவிட்டானிடம் சொல்லிவிட்டுக் கேட்டிருக்கலாம். அண்ணனுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று குடித்தபோதெல்லாம் சொன்னவன் அவன். கேட்டால் சரி என்றிருப்பான். ஒருவேளை மாட்டேன் என்றிருப்பான். அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை.

"மூட்டைப்பூச்சி போயிருச்சு தம்பி. மருந்து அடிச்சுட்டேன். ஒன் எடத்துலயே படு."

"நல்லதாப் போச்சு மதினி. நேத்து அந்தப் பலகையில தூக்கமே வரல. மெத்தை பழகிப்போச்சு."

படுத்தான். பச்சை அம்பு எரிந்தது.

எட்டு, ஒன்பது, பத்து. தெரிந்தே மூன்று ராத்திரி. இருந்த அரிசி, கருவாடு, கடலை, வெல்லம் எல்லாவற்றையும் அவனுக்குத்தான் ஆக்கிப் போட்டேன். அவனுக்குத்தான் முதல் சோறு. "என்ன மதினி, மறுவீட்டு மாப்பிள்ளை மாதிரி கவனிக்கிறீங்க?" என்று கேட்டான். கண் குழிக்குள் போயிருந்தது. சிரிக்கும்போது கன்னத்தில் சுருக்கம் விழுந்து அப்படியே நின்றது. நான் சட்டி கழுவப் போய்விட்டேன்.

சாயங்காலம் மிஷினைப் போடும்போது வழிவிட்டான் படுக்கையைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். மிஷின் சத்தம் சீராக இருந்தது. அவர் மூச்சும் சீராக இருந்தது. எனக்குத் தூக்கமும் வந்தது. அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. தூக்கம் வந்தது.

பதினோராம் நாள் வெயில் அடித்தது. அத்தனை நாளும் காணாத வெயில், கண்ணைக் குத்தியது. கூரைத் தகட்டில் இருந்து ஆவி பறந்தது. "வெயிலப் பாருங்கண்ணே!" என்று வழிவிட்டான் படியில் இறங்கினான். இரண்டாம் படியில் கால் மடங்கிச் சேற்றில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் போய்த் தூக்கினேன். ஐம்பத்தேழு கிலோ இருந்த ஆளை நான் ஒருத்தி தூக்கினேன். அப்போதுதான் என் வாயில் இருந்து சத்தம் வந்தது.

மத்தியானம் தரைப்பாலத்தில் தண்ணீர் வடிந்து டிராக்டர் வந்தது. பரமக்குடி ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நாற்பத்தெட்டு. டாக்டர் நம்பிக்கை இல்லாமல் எடை மிஷினை மாற்றி நிறுத்தினார். "என்னம்மா வேலை வாங்கினீங்க இந்த ஆளை?" என்று கேட்டார்.

"வேலையே இல்லைங்க. மழை."

"இதயம் இளைச்சுப் போயிருக்கு. பிழைச்சுக்குவாரு. ஆனா இனிமே பத்துக் கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது. சாகற வரைக்கும்."

சுமை தூக்குவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் கிடையாது.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள், அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த பிறகு, சொன்னேன். மெத்தை, வயர், நஸ்ரின், அம்பு, மூட்டைப்பூச்சி, கருவாடு. எதையும் விடவில்லை. மற்ற நோயாளிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் குரலைத் தாழ்த்தவில்லை.

அவன் குவளையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"எம்புட்டு?" என்று கேட்டான்.

"என்ன எம்புட்டு?"

"என்கிட்ட எடுத்தது. கணக்கு எழுதுவீங்கள்ல. எம்புட்டு?"

"ராத்திரிக்கு அரை யூனிட்டு. ஏழு ராத்திரி. மூணரை யூனிட்டு."

"மூணரை நூறா?"

"மூணரை."

அவன் முகம் மாறியது. அதுவரை இல்லாத ஒரு திகைப்பு அதில் வந்தது. நான் செய்ததைக் கேட்டபோது கூட அவன் இப்படிப் பார்க்கவில்லை.

"இம்புட்டுத்தானா? பேட்டரி வித்த கடைக்காரரு ஏசிய மத்தியானம் போட்டா சாயங்காலத்துக்குள்ள ஓடிருமே அது. இருபது, இருபத்தஞ்சு ரூவா இருக்குமா? நாலு லாரி சிமெண்டு எறக்குன மாதிரில்ல வலிச்சுச்சு எனக்கு." கையை விரித்துத் தன் விரல்களைப் பார்த்தான். "என்னைய மொத்தமா எரிச்சா மூணரை யூனிட்டுத்தானா மதினி?"

பக்கத்துக் கட்டில்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்புத்தான் தம்பி. ஒன் சம்பளம், வைத்தியம், என்ன ஆகுதோ..."

"காசு வேணாம். காசு வாங்குனா வித்த மாதிரி ஆயிரும். நான் விக்கல." மூச்சு வாங்கினான். என் வீட்டுக்காரர் மாதிரியே இருந்தது. "அண்ணனுக்குன்னா தூக்கியிருப்பேன். மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? எத்தனை கல்லு தூக்கியிருக்கேன். ஆனா கனம் ஒன் பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான மதினி தூக்கச் சொல்லணும்? காலையாவது அகட்டி வச்சிருப்பேன்ல?"

நான் குவளையை வாங்கக் கையை நீட்டினேன், அவன் கொடுக்கவில்லை.

"எடுத்தத எனக்கு எப்பக் குடுப்பீங்க?"

"எப்படித் தம்பி குடுக்க?"

"எனக்கென்ன தெரியும். எடுக்கத் தெரிஞ்சுச்சுல்ல." கஞ்சிக் குவளையை என்னிடம் நீட்டினான். கட்டிலில் இருந்து இறங்கி மெத்தையைக் கீழே தள்ளிவிட்டு, வெறும் இரும்புப் பட்டையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பஸ்ஸுக்குத் திரும்பியபோது பேட்டரி நூறு. வெயில் வெளுத்து வாங்கியது. அவர் மிஷின் இல்லாமலே படியில் உட்கார்ந்திருந்தார். வழிவிட்டான் சொன்னதை எல்லாம் சொன்னேன். கனம் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் வாயைத் திறந்தார்.

"மூணாம் நாளே... பாத்தேன்."

"எத?"

"அம்ப. எனக்கு எங்க தூக்கம்... ராத்திரி பூரா அந்தத் திரையத்தான பாத்துக்கிட்டுக் கெடப்பேன். அவன் பொரண்டா ஆடுது. எந்திரிச்சா... அணையுது."

பஸ்ஸின் தகரம் வெயிலில் டப் டப் என்று வெடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க சொல்லல?"

அவர் வெகுநேரம் மூச்சைச் சேர்த்தார்.

"நீதான் பண்ணுறன்னு... நெனைச்சேன். ஒனக்குத் தெரியாம அந்தப் பேட்டரி ஒரு வேலை செய்யுமா? எனக்காகத்தான் நீ அவன அதுல போட்டிருக்கன்னு நெனைச்சேன். கேட்டா... நிறுத்திருவ. அதான் கேக்கல."

பதினோரு வருஷம் "கனம் உன் பக்கம்" என்று சொன்ன வாய். நான் திட்ட நினைத்தேன். மூன்றாம் நாள் என்னைப் பற்றி அவர் நினைத்தது பொய். எட்டாம் நாள் அது உண்மை. இடையில் ஐந்து நாள்தான்.

மெத்தையை வெளியே இழுத்துப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். செம்புக் கம்பி மட்டும் எரியாமல் சுருண்டு கிடந்தது. உள்ளே வந்து தகரத்தில் எழுதியிருந்த எண்களை ஈரத்துணியால் துடைத்தேன். தொண்ணூறு, நாற்பத்தெட்டு, இருபது, பதினாலு, எல்லாம் போயின. துடைத்த இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு வரி எழுதினேன். அவர் எழுந்து வந்து என் கையில் இருந்த கரியை வாங்கி, 'நான்' என்று நான் எழுதியதை அடித்துவிட்டு 'நாங்கள்' என்று திருத்தினார்.

அது இன்னும் அழியாமல் இருக்கிறது. நாங்கள் வழிவிட்டானுக்கு மூன்றரை யூனிட் தர வேண்டும்.